எடை போடுகிற கை

விளையாட்டு வீரர்களின் அட்டைகளைச் சேகரிக்கும் பழக்கம் நம்ம ஊர்ப் பையன்களிடமும் வந்துவிட்டது. ஈப்போவில் எனக்குத் தெரிந்த ஒருவன் சம்பளத்தில் ஒரு நல்ல பங்கை இதில்தான் போடுகிறான். கால்பந்து அட்டைகள். அவற்றை வெளிநாட்டுக்கு அனுப்பித் தரம் போட்டு, கெட்டியான பிளாஸ்டிக் உறைக்குள் அடைத்து வாங்கிக்கொள்கிறான். உறையின் தலையில் 1 முதல் 10 வரை ஓர் எண் இருக்கும். மூலை மழுங்கியிருக்கிறதா, படம் நடுவில் அச்சாகியிருக்கிறதா, மேற்பரப்பில் கீறல் உண்டா என்றெல்லாம் பார்த்து ஒருவர் போட்ட எண்.

இதுவரை எனக்கு வியப்பில்லை. வியப்பு அடுத்த கட்டத்தில் வந்தது. தரம் போடும் நிறுவனங்களில் பெரியதான பி.எஸ்.ஏ. சேகரிப்பாளர்களுக்காக ஒரு பதிவேடு நடத்துகிறது. ஒரே தொடரைச் சேர்க்கும் ஆட்களை வரிசைப்படுத்தி, முதலிடம் யாருக்கு, இரண்டாமிடம் யாருக்கு என்று காட்டும் பதிவேடு. வெறுமனே தரங்களைக் கூட்டிச் சராசரி எடுத்தால் போதாதா என்றால், போதாது என்கிறார்கள். தொடரில் உள்ள ஒவ்வோர் அட்டைக்கும் ஓர் எடை உண்டு. எல்லார் கையிலும் இருக்கும் சாதாரண அட்டைக்கு 1. அரிதான, விலை கூடிய, பெரிய ஆட்டக்காரரின் முதல் வருட அட்டைக்கு 10 வரை. தரத்தை எடையால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி, மொத்த எடையால் வகுக்க வேண்டும். இல்லாத அட்டைக்குச் சைபர்.

மூன்றே அட்டை கொண்ட ஒரு தொடரை வைத்துப் பார்ப்போம். எடை 10, 3, 1. ஒருவனிடம் அவை முறையே 8, 9, 10 தரத்தில் இருக்கின்றன. இன்னொருவனிடம் 10, 9, 8. சாதாரணச் சராசரியில் இரண்டு பேருக்கும் 9. எடை போட்டால் முதலாமவனுக்கு 117ஐ 14ஆல் வகுத்து 8.36. இரண்டாமவனுக்கு 135ஐ 14ஆல் வகுத்து 9.64. கையிலிருப்பது அதே மூன்று அட்டைகள், அதே மூன்று எண்கள். ஆனால் ஒருவன் மேலே, ஒருவன் கீழே.

நண்பன் இதை எனக்கு விளக்கியபோது நான் கேட்டது ஒன்றுதான். "அந்தப் பத்தை யாருடா போட்டது?" அவனுக்கு அது கேள்வியாகவே படவில்லை. "பத்துன்னா பத்துதான். எல்லாருக்கும் தெரியும் அந்தக் கார்டு பெருசுன்னு."

(எடைக்கு முந்திய தரமே ஆட்டம் காண்பது இன்னொரு கதை. பி.எஸ்.ஏ. 1991இல் முதன்முதலாகத் தரம் போட்டது ஹோனஸ் வாக்னர் என்ற பழைய பேஸ்பால் ஆட்டக்காரரின் அட்டைக்கு. அதற்கு 8 போட்டார்கள். அந்த அட்டையின் ஓரங்களைத் தானே வெட்டிச் சீராக்கியதாக ஓர் ஏல வியாபாரி 2013இல் ஒப்புக்கொண்டார். அட்டை இன்றும் 8 என்ற எண்ணோடுதான் உறைக்குள் இருக்கிறது.)

எடை என்று நாம் சொல்வது உண்மையில் ஒரு மாற்று விகிதம். ரிங்கிட்டுக்கு இத்தனை ரூபாய் என்பதுபோல. எடை 10 உள்ள அட்டையில் ஒரு தரம் உயர்ந்தால், எடை 1 உள்ள அட்டையில் பத்துத் தரம் உயர்ந்ததற்குச் சமம் என்று அந்தப் பதிவேடு சொல்கிறது. அப்படிச் சொல்வது கணிதம் இல்லை. பெருக்கலும் கூட்டலும் மட்டும்தான் கணிதம். பத்தா ஐந்தா என்பதை ஓர் ஆள் உட்கார்ந்து முடிவு செய்திருக்கிறார். முடிவு செய்த பிறகு அந்த ஆள் எழுந்து போய்விடுகிறார். நாற்காலியில் எண் மட்டும் உட்கார்ந்திருக்கிறது.

நம்மில் பெரும்பாலோர் அட்டை சேர்ப்பதில்லை. ஆனால் இதே கணக்கு நம் எல்லார் மேலும் ஒருமுறையாவது போடப்பட்டிருக்கிறது. பல்கலைக்கழகத்தில் வாங்கும் சி.ஜி.பி.ஏ. இதேதான்: தரப்புள்ளியைக் கிரெடிட் நேரத்தால் பெருக்கி, கூட்டி, மொத்தக் கிரெடிட்டால் வகுப்பது. நான் பொறியியல் படித்தபோது நான்கு கிரெடிட் பாடத்துக்கு ராத்திரி முழிப்போம், இரண்டு கிரெடிட் பாடத்துக்கு முதல்நாள் மாலை புத்தகத்தைத் திறப்போம். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. எடை சொல்லிக்கொடுத்தது.

அதற்கும் முன்னால், பல்கலைக்கழக வாசலிலேயே ஒரு தராசு இருக்கிறது. நம் நாட்டில் 2002இல் பல்கலைக்கழகச் சேர்க்கையில் இன விகிதாசாரத்தை எடுத்துவிட்டு மெரிட் முறையைக் கொண்டுவந்தார்கள். எஸ்.டி.பி.எம். எழுதிய மாணவருக்கு அந்த மெரிட் எப்படி வருகிறது? சி.ஜி.பி.ஏ.யை 4.00ஆல் வகுத்து 90ஆல் பெருக்குவார்கள். புறப்பாட நடவடிக்கைக்கு 10. மொத்தம் நூறு. படிப்புக்குத் தொண்ணூறு, ஓடியாடுவதற்குப் பத்து. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. வெறும் புத்தகப் புழு வேண்டாம், ஆனால் படிப்புதான் முக்கியம் என்ற பொதுப்புத்தியை அப்படியே எண்ணாக்கியது போல.

கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம். ஒரு பெண் 4.00 வாங்குகிறாள். புறப்பாடத்தில் 6. அவள் மெரிட் 96. இன்னொரு பையன் ஒரு பாடத்தில் ஏ மைனஸ், மற்றதெல்லாம் ஏ. அவனுக்கு 3.92. அது 88.2 ஆகிறது. புறப்பாடத்தில் 8. மொத்தம் 96.2. பையன் முன்னால் நிற்கிறான். ஒன்றரை வருடம், மூன்று பருவம், அத்தனை தாள் எழுதி அவள் சேர்த்த அந்த ஒரு படியை, இரண்டு புறப்பாடப் புள்ளி தாண்டிவிட்டது. இதில் அநியாயம் ஏதும் நடந்துவிடவில்லை. விதியில் இருப்பதுதான் நடந்தது.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. இதை எனக்குப் புரியவைத்தது வேலைதான், பள்ளியில்லை. தொழிற்சாலையில் சப்ளையர்களை மதிப்பிட ஒரு பட்டியல் போடுவோம். தரத்துக்கு இவ்வளவு, விலைக்கு இவ்வளவு, நேரத்துக்குக் கொண்டுவந்து தருவதற்கு இவ்வளவு என்று எடை. ஒருமுறை ஐந்து சப்ளையர்களும் தரத்தில் ஏறக்குறைய ஒரே மதிப்பெண் எடுத்திருந்தார்கள். தரத்துக்குப் பாதி எடை கொடுத்திருந்தோம். கடைசியில் வரிசையைத் தீர்மானித்தது மிகக் குறைந்த எடை கொண்ட டெலிவரி. ஏனென்றால் அதில்தான் ஆளுக்கு ஆள் வித்தியாசம் இருந்தது. எல்லாரும் ஒரே மதிப்பெண் வாங்கும் ஒன்றுக்கு நீங்கள் தொண்ணூறு எடை கொடுத்தாலும் சரி, ஒன்பதாயிரம் கொடுத்தாலும் சரி, அது யாரையும் யாரிடமிருந்தும் பிரிக்காது. தாளில் எழுதிய எடை ஒன்று. உண்மையில் வேலை செய்யும் எடை வேறொன்று.

இப்போது மருத்துவத்துக்கு விண்ணப்பிக்கிற கூட்டத்தை நினைத்துப் பாருங்கள். அங்கே வந்து நிற்பவர்களில் எத்தனையோ பேர் 4.00. அவர்களுக்குள் அந்தத் தொண்ணூறு ஒரு சுவர். எல்லாருக்கும் ஒரே உயரம். அவர்களைப் பிரிப்பது பாக்கியிருக்கும் பத்து. படிப்புக்கே முதலிடம் என்று சொல்லி வகுத்த சூத்திரம், படிப்பில் யாரும் யாருக்கும் சளைக்காத இடத்தில் மட்டும், முழுக்க முழுக்கப் புறப்பாடத் தேர்வாக மாறிவிடுகிறது. அதிகப் போட்டி உள்ள துறையில்தான் இது அதிகம் நடக்கும்.

அந்தப் பத்து எப்படிச் சேர்கிறது? சீருடை இயக்கம், மன்றம், விளையாட்டு. வருகை, வகித்த பதவி, எந்த நிலைவரை போய்வந்தோம் என்பது. பள்ளி அளவைவிட மாவட்டம் பெரிது, மாவட்டத்தைவிட மாநிலம், அதைவிடத் தேசியம். நான் வளர்ந்தது சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில். ரப்பர் போய்ச் செம்பனை வந்து, ஆட்கள் போய் வெளிநாட்டுத் தொழிலாளர் வந்து, பாதி லயம் காலியாகிவிட்ட தோட்டம். பள்ளி பஸ் மதியம் ஒரு தடவைதான். அதை விட்டால் மெயின் ரோட்டிலிருந்து செம்பனைக்கு நடுவே நடை. புதன்கிழமை மாலைப் பயிற்சிக்கு நிற்கிறவன் யார் என்பதை ஆர்வம் தீர்மானிக்கவில்லை, அப்பாவிடம் மோட்டார் சைக்கிள் இருக்கிறதா, அவர் அந்த நேரத்துக்கு வேலையிலிருந்து வரமுடியுமா என்பது தீர்மானித்தது. எங்கள் லயத்தில் ஒருத்தி இருந்தாள். எறிபந்தில் அவளை அடிக்க மாவட்டத்தில் ஆளில்லை என்று எங்களுக்குத் தெரியும். மாவட்டத்துக்குத் தெரியாது, ஏனென்றால் அவள் ஒருநாளும் மாலைப் பயிற்சிக்கு நின்றதில்லை.

ஆக அந்தப் பத்து எதை அளக்கிறது? சுறுசுறுப்பையும் தலைமைப் பண்பையும் என்று பெயர். கூடவே போக்குவரத்தையும் அளக்கிறது. பட்டியலில் 'வாகன வசதி' என்ற தலைப்பு எங்கேயும் இல்லை. இருந்தாலும் அதற்கு எடை இருக்கிறது.

பாட்டி பால்மரம் வெட்டியவர். அவருடைய காலத்துத் தராசு இன்னும் நேரடியானது. விடிவதற்கு முன் பெரட்டு, நிரை நிரையாக மரம், பிறகு காண்டாவில் வாளிகளைத் தூக்கிக்கொண்டு பால் கொட்டகை. அங்கே கிராணி நிறுப்பார். ஆனால் நிறுத்த எடைக்கு மட்டும் கணக்கில்லை. ரப்பர் பாலில் பெரும்பகுதி தண்ணீர்தான். காய்ந்த ரப்பர் மூன்றில் ஒரு பங்கு சொச்சம் தேறும். மழையில் மங்கில் தண்ணி விழுந்தால் அதுவும் குறையும். அதனால் மெட்ரோலாக் என்று ஒரு மிதவையைப் பாலில் விட்டு, எவ்வளவு ரப்பர் இருக்கும் என்று பார்ப்பார்கள். பால் எடையை அந்த விகிதத்தால் பெருக்கினால் காய்ந்த எடை. அதுவும் ஓர் எடையிட்ட மதிப்பெண்தான். பாட்டி அதைச் சொல்லும் விதம்: "பாலு நெறய இருக்குன்னு சந்தோசப்பட முடியாதுப்பா. அந்தக் குச்சி என்னா சொல்லுதுன்னு பாக்கணும். குச்சியப் படிக்கிறவன் யாருன்னும் பாக்கணும்."

அந்த இரண்டாவது வாக்கியத்துக்காகத்தான் இதைச் சொல்ல வந்தேன். குச்சி பொய் சொல்லாது. பால் எந்தச் சூட்டில் இருக்கிறது, நுரை அடங்கியதா, எந்தக் கோட்டைக் கோடு என்று எடுத்துக்கொள்வது என்பதெல்லாம் கிராணியின் கையில் இருந்தது. எதிர்த்துக் கேட்கப் பாட்டிக்கு அந்த அளவுகோலைப் படிக்கத் தெரியாது.

பாலை உறையவைத்து, உருளையில் கொடுத்து, புகையில் காயவைத்து ஷீட்டாக எடுத்த பிறகு இன்னொரு தரம் பார்த்தல். ஆர்.எஸ்.எஸ். 1 முதல் 5 வரை. ஷீட்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, குமிழி இருக்கிறதா, பூசணம் உண்டா, அழுக்குத் தெரிகிறதா, நிறம் சீராக இருக்கிறதா என்று கண்ணால் பார்ப்பார்கள். முழுக்கக் கண் வேலை. 1965இல் எஸ்.எம்.ஆர். என்ற புதிய தரமுறையை மலேசியா கொண்டுவந்தது. கண்ணை எடுத்துவிட்டு ஆய்வுக்கூடத்தை வைத்தார்கள். அழுக்கு எத்தனை விழுக்காடு, சாம்பல் எத்தனை, நைட்ரஜன் எத்தனை, சூட்டில் ரப்பர் எவ்வளவு தாங்குகிறது என்று அளந்தார்கள். எஸ்.எம்.ஆர். 5, 10, 20 என்ற பெயர்களில் இருக்கும் எண், முதலில் அனுமதித்த அழுக்கின் அளவிலிருந்து வந்தது: 5 என்றால் 0.05 விழுக்காடு.

ஒரு பொறியாளனாக எனக்கு இதில் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. எஸ்.எம்.ஆரில் ஒன்றின் குறையை இன்னொன்று ஈடுகட்ட முடியாது. சூடு தாங்கும் தன்மை பிரமாதமாக இருக்கிறது, அதனால் அழுக்கு கொஞ்சம் கூட இருந்தாலும் பரவாயில்லை என்ற பேச்சே கிடையாது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி எல்லை. எல்லாவற்றையும் தாண்டினால் அந்தத் தரம், ஒன்றில் தவறினாலும் கீழே. எடையிட்ட கூட்டல் அப்படியில்லை. அது எதையும் எதற்கும் ஈடாக வாங்க விற்க அனுமதிக்கும் சந்தை. ஐக்கிய நாடுகளின் மனித மேம்பாட்டுக் குறியீட்டிலேயே இந்தச் சிக்கல் இருந்தது. ஆயுள், கல்வி, வருமானம் மூன்றையும் சம எடையில் சராசரி எடுத்து 1990 முதல் நாடுகளை வரிசைப்படுத்தினார்கள். இப்படி ஒற்றை எண்ணில் எல்லாவற்றையும் அடைப்பதில் அமர்த்தியா சென்னுக்கு முதலில் நம்பிக்கையில்லை. மெஹ்பூப் உல் ஹக்தான் அவரைச் சம்மதிக்க வைத்தார். 2010இல் சாதாரணச் சராசரியை விட்டுவிட்டுப் பெருக்கல் சராசரிக்கு மாறினார்கள். வித்தியாசம் என்ன? 9, 1 என்ற இரண்டு எண்களின் சாதாரணச் சராசரி 5. பெருக்கல் சராசரி 3. ஆனால் 5, 5 என்றால் இரண்டு முறையிலும் 5தான். ஒன்றில் கொழுத்து இன்னொன்றில் பட்டினி கிடப்பவனைப் புதிய முறை அப்படியே விட்டுவிடாது. வருமானத்தைக் காட்டிப் பள்ளிக்கூடத்தை மறைக்கும் வசதி குறைந்தது.

எப்படிக் கூட்டுவது என்பதிலேயே இவ்வளவு இருக்கிறது. கூட்டுகிற விதமும் ஒரு நீதிதான். அதை யாரும் நீதி என்று கூப்பிடுவதில்லை, 'ஃபார்முலா' என்கிறோம். சொல்லை மாற்றியதும் வாயை மூடிக்கொள்கிறோம்.

திருவள்ளுவர் நடுவுநிலைமைக்குத் தராசுக்கோலை உவமை சொன்னார். பள்ளியில் மனப்பாடம் செய்தபோது அந்த உவமை எனக்கு முழுமையாகப்பட்டது. இப்போது ஒரு குறை தெரிகிறது. குறை அவருடையதா, நாம் படிக்கும் விதத்தினுடையதா என்று வாதாடலாம். கோல் எந்தப் பக்கமும் சாயாமல் இருப்பதைப் பற்றிப் பேசுகிறோம். தட்டில் வைக்கும் படிக்கல்லைப் பற்றிப் பேசுவதில்லை. கோல் நூல் பிடித்த மாதிரி நேராக நிற்கலாம், படிக்கல் முக்கால் கிலோவாக இருக்கலாம். அவரே தெரிந்துதெளிதலில், ஒருவனின் குணத்தையும் பார், குற்றத்தையும் பார், எது மிகுதியோ அதைக் கொண்டு முடிவெடு என்கிறார். இதைக் கணக்காக்கிப் பார்த்தால் கழித்தல்தான் வருகிறது. குணத்தையும் குற்றத்தையும் ஒரே அளவில் எண்ணலாம் என்று அது எடுத்துக்கொள்கிறது. ஐந்து சின்னப் பொய்யும் ஒரு பெரிய உதவியும் இருந்தால் எது மிகுதி? அதை அரசனின் மதிக்கு விட்டுவிட்டார். அரசன் நல்லவனாக இருந்தால் சரி.

'மெரிட்டோக்ரசி' என்ற சொல்லின் பிறப்பும் வேடிக்கையானது. அதைப் பரவலாக்கியவர் மைக்கேல் யங் என்ற பிரிட்டிஷ் சமூகவியலாளர், 1958இல் எழுதிய ஒரு நையாண்டிப் புத்தகத்தில். அறிவுத்திறனையும் உழைப்பையும் கூட்டினால் தகுதி என்று ஆளும் ஒரு வருங்காலச் சமூகம். மேலே இருப்பவர்கள் தாங்கள் மேலே இருப்பது நியாயம்தான் என்று உண்மையாகவே நம்பிவிடுகிறார்கள். கீழே இருப்பவர்களுக்குச் சொல்லிக்கொள்ள ஒரு காரணம்கூட மிஞ்சவில்லை. எச்சரிக்கையாக எழுதினார். உலகம் அதைப் பாராட்டுச் சொல்லாக எடுத்துக்கொண்டது. 2002இல் நம் நாளிதழ்களில் அந்தச் சொல் வந்தபோது அது பாராட்டாகத்தான் வந்தது.

வந்த பிறகும் எல்லாம் ஒரே தராசில் நிறுக்கப்படவில்லை. எஸ்.டி.பி.எம். ஒரு பொதுத்தேர்வு, ஒன்றரை வருடம். மெட்ரிகுலேஷன் ஒரு வருடப் படிப்பு, அதன் மதிப்பீடு வேறு. இரண்டின் சி.ஜி.பி.ஏ.யும் 4.00க்குத்தான், இரண்டும் அதே தொண்ணூறால் பெருக்கப்பட்டு ஒரே வரிசையில் நிற்கின்றன. ஒரு தோட்டத்தில் மெட்ரோலாக் விட்டுப் பார்த்த எண்ணையும் இன்னொரு தோட்டத்தில் காயவைத்து நிறுத்த எண்ணையும் ஒரே தாளில் எழுதுவது மாதிரி. அந்த மெட்ரிகுலேஷனுக்குள் நுழைய இன்னொரு 90:10. பூமிபுத்ராவுக்குத் தொண்ணூறு, மற்ற எல்லாருக்கும் பத்து. 2019இல் இடங்களை 25,000இலிருந்து 40,000 ஆக்கியபோதும் அந்த விகிதம் மாறவில்லை. 2024இல், எஸ்.பி.எம்மில் பத்து ஏ எடுத்தவருக்கு இனம் பார்க்காமல் இடம் என்று அரசாங்கம் அறிவித்தது. நல்ல முடிவு என்றே நினைக்கிறேன். ஆனால் பாருங்கள், பேச்சு முழுக்க மேல்தட்டு மாணவர்களைப் பற்றியே இருக்கிறது. பஸ் போன பிறகு நடந்து வந்தவள் எட்டு ஏ எடுத்திருந்தால்?

இப்படிப் பேசினால் நண்பர்கள் ஒரு கேள்வி கேட்பார்கள். சரி, எண்ணே வேண்டாம் என்கிறாயா? இல்லை. அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. எண்ணுக்கு முன்னால் என்ன இருந்தது என்று என் வீட்டில் கேட்டிருக்கிறேன். கங்காணியின் பார்வை இருந்தது. யாருக்கு நல்ல நிரை, யாருக்கு மேட்டில் கிழட்டு மரம் என்பதை அவர் தீர்மானித்தார். அதற்குச் சூத்திரம் இல்லை, அதனால் அதை எதிர்த்து வாதாடவும் வழியில்லை. முறையிட்டால் முறையிட்டதற்கே தண்டனை. இன்றும் நேர்முகத் தேர்வு, 'ஒட்டுமொத்த ஆளுமை' என்றெல்லாம் சொல்லும் இடங்களில் எனக்குக் கங்காணி வாசம் அடிக்கிறது. 90:10 என்று தாளில் எழுதியிருப்பதால்தான் நான் இங்கே உட்கார்ந்து 96க்கும் 96.2க்கும் கணக்குப் போட முடிகிறது. எழுதியதைத் திட்டலாம். எழுதாததை என்ன செய்வது?

எனக்கு வேண்டியது கொஞ்சம்தான். எடையைப் போட்டவர் எழுந்து போய்விடக்கூடாது. ஏன் பத்து, ஏன் ஐந்தில்லை என்று கேட்டால் சொல்ல ஆள் இருக்கவேண்டும். நாங்கள் வேலையிடத்தில் செய்கிற ஒரு சோதனையைச் செய்து காட்டவேண்டும். எடையை ஒன்றிரண்டு புள்ளி அப்படி இப்படி நகர்த்திப் பார்ப்பது. நகர்த்தியும் வரிசை மாறவில்லையா, அந்த வரிசையை நம்பலாம். 10ஐ 8 ஆக்கியதும் பத்து பேர் உள்ளேயும் பத்து பேர் வெளியேயும் போகிறார்களா, அப்படியானால் அந்த இருபது பேருக்குள் யார் தகுதியானவர் என்று நமக்குத் தெரியாது. தெரியாததைத் தெரியும் என்று அச்சடித்துக் கொடுப்பதுதான் எனக்கு உறுத்துகிறது. அந்த இடத்தில் சீட்டுக் குலுக்கிப் போட்டாலும் நியாயம் குறைந்துவிடாது. கிடைக்காதவளுக்கு, "உன் தகுதி கம்மி" என்பதைவிட "உன் சீட்டு விழவில்லை" என்று சொல்வது உண்மைக்கு நெருக்கமாகவும் இருக்கும்.

இன்னொன்று பாக்கி இருக்கிறது. பட்டியலில் ஒரு வரிகூடக் கிடைக்காத விஷயங்கள். எஸ்.டி.பி.எம். வழியாகப் போகிறவருக்கு, எஸ்.பி.எம்மில் தமிழ் இலக்கியம் எடுத்து ஏ பிளஸ் வாங்கினாலும் அந்த நூறில் ஒரு புள்ளி ஏறாது. 2010 முதல் எஸ்.பி.எம். பாடங்களுக்குப் பத்து என்று வரம்பு வரும் என அறிவித்தபோது, தமிழும் தமிழ் இலக்கியமும்தான் முதலில் விழும் என்று நம்மவர்கள் சத்தம் போட்டார்கள். பிறகு பன்னிரண்டு வரை எடுக்கலாம் என்று தளர்த்தினார்கள். எடுக்கலாம் என்பது அனுமதி. எடை வேறு.

போன வருடக் கடைசியில் சித்தி மகள் கேட்டாள். படிவம் நான்கு முடித்திருந்தாள். "அண்ணா, இலக்கியம் எடுக்கவா?" ஆறாம் படிவம் போய் அறிவியல் படிக்க வேண்டும் என்பது அவள் திட்டம். ஓர் இரவு அவளோடு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். வாரத்துக்கு எத்தனை மணிநேரம் அதற்குப் போகும், கூடுதல் கணிதத்துக்கும் இயற்பியலுக்கும் எவ்வளவு மிஞ்சும் என்று. மிஞ்சுவது குறைவுதான். அதை மறைத்து, தமிழ் நம் உயிர் என்று வசனம் பேச எனக்கு மனம் வரவில்லை. இழப்பு இருக்கிறது, இவ்வளவு இருக்கிறது என்று சொன்னேன். கூடவே, எனக்குப் பிடித்த புத்தகங்களில் பாதியை நான் இலக்கியப் பாடம் எடுத்ததால்தான் போய்ச் சேர்ந்தேன் என்பதையும் சொன்னேன். அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று தெரியாததால் தாளின் ஓரத்தில் எழுதினோம்.

சித்தப்பா தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார். "மார்க்குல சேருமா, தம்பி?"

"சேராது, சித்தப்பா."

"அப்ப எதுக்கு?"

நான் பதில் சொல்வதற்குள் அவளே, "எனக்குப் புடிச்சிருக்குப்பா" என்றாள். அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "ஃபிசிக்ஸ்ல கொறஞ்சா அப்புறம் பேசிக்குவோம்" என்றார். அவ்வளவுதான். அவர் கேட்டதில் தப்பில்லை. இரண்டு தலைமுறையாகச் சேருமா சேராதா என்று பார்த்துப் பார்த்துத்தான் அந்தக் குடும்பம் தோட்டத்தை விட்டு வெளியே வந்தது.

அவள் பள்ளியில் இலக்கியத்துக்கு வகுப்பு இல்லை. ஓர் ஆசிரியை சனிக்கிழமை காலையில் கோவில் மண்டபத்தில் சொல்லிக்கொடுக்கிறார். காசு வாங்குவதில்லை. ஏழெட்டுப் பேர் வருகிறார்கள். சித்தப்பாவுக்குச் சனிக்கிழமை ஓவர்டைம், கார் அவரிடம். அதனால் இப்போதைக்கு நான்தான் கொண்டுபோய் விடுகிறேன். எட்டரைக்கு வகுப்பு, ஏழே முக்காலுக்குக் கிளம்பினால் சரியாக இருக்கும்.